அம்மா மட்டும் இறங்கிய தீவு

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை

கண்ணு தர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரித்விக்கும், உன் வயிற்றில் வளரும் சின்ன ஆளும் அந்தக் குளிரில் இருமல் தும்மல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு ஏற்றி வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். விளக்கை நீங்களா ஏற்றினீர்கள் என்று நீ சிரிப்பாய். ஆமாம், நான்தான் ஏற்றினேன், திரியை மறந்துவிட்டு எண்ணெயை மட்டும் ஊற்றி, நாலு தீக்குச்சி வீணான பிறகு ஏற்றினேன். அம்மா பொங்கல் முடிந்த மறுநாளே சந்தாபுராவுக்கு ருக்கு சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், இன்று சாயங்காலம்தான் வருவாள். பயப்படாதே, சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு காரியமாகத்தான் போயிருக்கிறாள், அந்தக் காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், ஸ்பீக்கர் என்றால் உன் அம்மாதான், நான் பின்னால் நின்று தலையை ஆட்டுகிறவன். அதிலும் நாம் மூன்று பேரும் ஒன்றாகப் பேசும்போது யாரும் யாரையும் கவலைப்படுத்தக் கூடாது என்று எல்லோரும் நல்லதையே பேசி வைத்துவிடுகிறோம். அதனால் பழைய வழக்கப்படி தாளை எடுத்தேன், நாளைக்கு ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுவேன், பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடும் என்று கவுண்டரில் இருக்கிற பெண் சொன்னாள்.

முதலில் மால்பே கதையைச் சொல்கிறேன், போனில் அம்மா சொன்னது பாதிதான். நீ நவம்பரில் ஒரு போட்டோ அனுப்பினாயே, உங்கள் ஆர்க்னி தீவின் கடலோரப் பாறை, செங்குத்தாக மேலே போய் நிற்கிறது, கீழே அலை வெள்ளையாக அடிக்கிறது, நீ அதன் ஓரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாய். அதைப் பார்த்த அன்றிலிருந்து அம்மா அந்தப் பாறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அப்பா வந்தால் போட்டில் கூட்டிக்கொண்டு போய்க் கடலில் இருந்தே காட்டுகிறேன் என்று நீ வேறு சொல்லிவிட்டாய். இருவருக்கும் விசா வந்தாகிவிட்டது, மாப்பிள்ளை டிக்கெட் போடட்டுமா போடட்டுமா என்று வாரா வாரம் கேட்கிறார், நான்தான் இந்த வாரம் அந்த வாரம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். காரணம் உனக்குத் தெரியும். பானஸ்வாடியில் மழையில் வழுக்கி விழுந்து இடுப்பில் தகடு வைத்த பிறகு கால் ஒரு வழியாகத் தேறிவிட்டது, ஆனால் இந்தத் தலைசுற்றல் போகவில்லை. படுத்துத் திரும்பினால்கூட சில நாள் அறை சுற்றுகிறது. பெங்களூரிலிருந்து லண்டன், அங்கிருந்து அபர்தீன், அங்கிருந்து காற்று அடித்தால் ஓடாத ஒரு குட்டி விமானம், அது ஓடாவிட்டால் ராத்திரிக் கப்பல், அதற்கப்புறம் உங்கள் தீவுக்கு இன்னொரு சின்னக் கப்பல். டாக்டரிடம் கேட்டதற்கு, விமானத்தில் வீல்சேர் தருவார்கள், கவலையில்லை, கடல்தான் யோசனை, முதலில் இங்கேயே பக்கத்தில் ஒரு தடவை போட்டில் போய்ப் பாருங்கள், உங்கள் உடம்பே சொல்லிவிடும் என்றார். அம்மா அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். நம்ம கர்நாடகாவிலேயே மால்பே பக்கம் ஒரு தீவு இருக்குது, அங்கயும் தூண் தூணா பாறை இருக்குதாம், ஒரு நாள் போட்டுல போய்ட்டு வந்தா தெரிஞ்சு போவுது என்றாள். பரீட்சைக்கு முன்னால் மாதிரிப் பரீட்சை வைப்பார்களே, அந்த மாதிரி.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ரயில் ஏறி உடுப்பியில் இறங்கினோம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துக் குளித்து, அந்தக் கோயில் வழக்கப்படி கிருஷ்ணனை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, டிபன் முடித்து ஒரு ஆட்டோவில் மால்பே போனோம். அம்மா பெங்களூரிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், உருளைக்கிழங்கு வறுவல் வேறு, இரண்டும் தூக்குச்சட்டியில். ஹோட்டல் இல்லாத ஊரா என்று நான் கேட்டதற்கு, தீவுல ஹோட்டல் கட்டி வெச்சிருக்கான் பாருங்க உங்களுக்காக என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். மஞ்சள் நிறத்தில் அந்தப் பழைய மைசூர் சில்க் கட்டிக்கொண்டு வந்தாள். கடலுக்குப் போக பட்டுப்புடவையா என்றேன். பொண்ணுக்கு போட்டோ அனுப்பணும், அவ ஊரு பாறை கிட்ட நிக்கிறப்போ அவ அம்மா சாதாரணமா நிக்கலாமா என்றாள். போட் துறையில் கருவாட்டு வாடையும் மீன் கூடைகளும்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கூச்சல் இல்லை, வாரநாள் என்பதால் எங்கள் போட்டில் மொத்தமே இருபது பேருக்குள்தான். போட்காரர் பெயர் சுதீர், நாற்பது வயது இருக்கும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கைத்தடியை ஒரு பார்வை பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையை யாரும் பிடிக்காமலேயே பலகையில் ஏறினேன். ஏறினதும் அம்மா உன்னைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாஸாகிவிட்டேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கரையை விட்டு விலகும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது, அம்மா ஒரு கையால் கூந்தலையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போட் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, எனக்குள் இருக்கிற எல்லாம் நிமிராமல் சாய்ந்தே நின்றுவிட்டது. கண்ணை மூடினால் இன்னும் மோசம், திறந்தால் கடல் மேலே போகிறது வானம் கீழே வருகிறது. காலையில் தின்ற மூன்று இட்லியும் அரபிக்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது, அந்தப் பிள்ளை தன் செல்ஃபியை நிறுத்திவிட்டு என் தலையைப் பிடித்துக்கொண்டான், நல்ல பையன். தீவுக்குக் கொஞ்ச தூரத்தில் ஆழம் இல்லை என்று பெரிய போட் நின்றுவிடுகிறது, அங்கிருந்து ஒரு சின்னப் போட்டில் மாறி ஏற வேண்டும். இரண்டு போட்டும் ஒன்று ஏறும்போது ஒன்று இறங்குகிறது, நடுவில் கால் வைக்கிற நேரம் பார்த்து வைக்க வேண்டும், குழந்தைகள்கூடக் குதித்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன், சத்தியமாக முயற்சி செய்தேன் தர்ஷினி, ஒரு காலைத் தூக்கினேன், அந்தக் காலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுதீர் என் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்து, பேடா யஜமான்ரே, இல்லே கூத்கொள்ளி என்றார். வேண்டாம் ஐயா, இங்கேயே உட்காருங்கள் என்று அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா தானும் இறங்கவில்லை என்றாள். நான் பிடிவாதமாக அனுப்பினேன். இத்தனை தூரம் வந்துவிட்டு ஒருத்தராவது பார்க்க வேண்டாமா, பொண்ணுக்கு போட்டோ அனுப்ப வேண்டாமா என்று உன் பெயரைச் சொல்லித்தான் தள்ளிவிட்டேன். அந்தப் புதுப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தோளில் அந்தச் சாப்பாட்டுப் பையோடு, சின்னப் போட்டுக்குத் தாவினாள் பார், எனக்கே ஆச்சரியம். அறுபத்து மூன்று வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போகும்போது பையை என்னிடம் கொடுக்க அவளுக்கும் தோன்றவில்லை, வாங்க எனக்கும் தோன்றவில்லை.

கூட்டம் இல்லாத நாள் என்பதால் எங்கள் போட் அங்கேயே நங்கூரம் போட்டு நின்றது. நான் கூரைக்குக் கீழே பலகையில் சாய்ந்து படுத்தேன், அசையாமல் இருந்தால் தலை கொஞ்சம் தெளிகிறது. தீவு நன்றாகத் தெரிந்தது. உங்கள் ஊர்ப் பாறை மாதிரி ஆளை மிரட்டுகிற உயரம் இல்லை, ஆனால் அந்தக் கருங்கல் இருக்கிற ஒழுங்கைப் பார்க்க வேண்டும் நீ. ஆறு பட்டை, ஐந்து பட்டை என்று தூண் தூணாகச் செதுக்கினது போல, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, கடலுக்குள் படிப்படியாக இறங்குகிறது. எரிமலைக் குழம்பு ஆறும்போது அப்படி வெடித்துக்கொண்டதாம். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் கல்வேலையைப் பார்த்துக் குற்றம் சொல்லியே சம்பளம் வாங்கினவன் நான், அந்த வேலையில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. காண்டிராக்டர் இல்லாமல் நடந்த வேலை, அதனால் இருக்கும். அம்மாவின் மஞ்சள் புடவை மெதுவாக அந்தத் தூண்கள் மேல் ஏறியது. அந்தப் பெண்ணும் பையனும் வேறு பக்கம் போய்விட்டார்கள், அம்மா தனியாகவே ஏறினாள், உச்சியில் ஒரு தட்டையான இடத்தில் நின்றாள். அந்தப் பக்கம் திறந்த கடல், அதைப் பார்க்கத்தானே எல்லோரும் அங்கே போகிறார்கள். இவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து, என் போட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் துண்டை ஆட்டினேன். அவளும் கையை ஆட்டினாள். போ, அந்தப் பக்கம் திரும்பிப் பார் என்று நானும் கையால் காட்டிப் பார்த்தேன், அவள் அதற்கும் கையை ஆட்டினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், முகம் இந்தப் பக்கமே.

இதற்குள் சுதீருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒரு டப்பாவில் குண்டு அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், ஒரு மாங்காய் ஊறுகாய். வயிறு காலியாக இருந்தால்தான் தலை இன்னும் சுற்றும் என்று சொல்லி எனக்கும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தேன், இன்னொரு கிண்ணமும் குடித்தேன். பொய் ஏன் சொல்ல வேண்டும், அமிர்தம். அவருக்கு மங்களூரில் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் இருக்கிறாளாம், வாரத்துக்கு ஒரு தடவை வருவதையே தூரம் என்கிறார். என் மகள் இருக்கிற தூரத்தைச் சொன்னேன், அவர் ஊறுகாயை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அம்மா திரும்பி வரும்போது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. சின்னப் போட் இன்னும் வந்து ஒட்டக்கூட இல்லை, அதில் நின்றுகொண்டே, சாப்ட்டீங்களா என்றுதான் கேட்டாள். தலை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, பாறை எப்படி என்று சொல்லவில்லை, சாப்ட்டீங்களா. கஞ்சி குடித்தேன் என்றேன். ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள், கட்டின துணி கட்டினபடியே இருந்தது. அத்தனை நேரம் அந்தப் பாறை மேல் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆடுகிற போட்டில் அந்தப் புளியோதரையை அவள் அவ்வளவு வேகமாக வாரி வாரிச் சாப்பிட்டாள். உனக்குத் தெரியாத விஷயம் இல்லை, கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் அவள் சாப்பிட்டதில்லை. நான் சைட்டிலிருந்து நாலு மணிக்கு வந்தாலும் நாலு மணிக்குத்தான். எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, நீகூட ஸ்கூலில் படிக்கும்போது இதெல்லாம் என்ன பழைய காலம்மா என்று சண்டை போட்டிருக்கிறாய். அன்றைக்குப் போட்டில் நானும் கோபமாகவே கேட்டேன், இது என்ன பதிபக்தியா, நான் செத்துப்போனால் என்ன பண்ணுவாய் என்று. அவள் மென்றுகொண்டே சொன்னாள், பக்தியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, தனியா உக்காந்து தின்னா எனக்கு எறங்க மாட்டேங்குது, அவ்ளோதான். சும்மனே பேஜார் பண்ணாதீங்க என்றாள்.

திரும்பி வரும் ரயிலில்தான் குண்டைப் போட்டாள். நானும் போகவில்லை என்றாள். நீங்கள் வர முடியாது என்று தெரிந்துபோய்விட்டது, உங்களை விட்டுவிட்டு மூன்று மாதம் நான் அங்கே போய் உட்கார்ந்தால் என் உடம்பு அங்கேயும் மனசு இங்கேயும் கிடக்கும், இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள், தர்ஷினி கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள் என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்தப் பாறைதான் கண்ணில் நின்றது. உன் வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தானே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது, அவள் சொல்வது சரிதானோ என்று. ஆனால் நீ? மாப்பிள்ளையின் அம்மா இருந்திருந்தால் அது வேறு. இப்போது உனக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில், மாப்பிள்ளை காற்றாலை வேலைக்கு வாரக்கணக்கில் கடலுக்குப் போய்விட்டால், வலி எடுக்கும்போது உன் பக்கத்தில் யார் இருப்பார்கள். போனில் நீ ஒருநாள், அம்மா வந்தா போதும்ப்பா எனக்கு, என்று சொல்லிவிட்டு, உடனே, நீங்களும்தான் என்று சேர்த்துக்கொண்டாய். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை கண்ணு. பிரசவ நேரத்தில் பெண்ணுக்கு வேண்டியது அம்மாதான், அப்பா காரிடாரில் நடக்கிறவன்தானே.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பந்தயம் வைத்தேன். நீ மூன்று நாள் ருக்கு வீட்டில் போய் இரு, நான் இங்கே தனியாக இருக்கிறேன். நான் நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, விழாமல் இருந்தால் நீ போக வேண்டும். நீயும் அங்கே எனக்காகக் காத்திருக்காமல் வேளைக்குச் சாப்பிட வேண்டும், ருக்கு சாட்சி. இருவரும் பாஸானால்தான் பாஸ். மூன்று நாளும் மூன்று மாசமும் ஒண்ணா என்று கேட்டாள். போட்டும் கப்பலும் ஒன்றா, அதை மட்டும் பரீட்சை என்று ஒத்துக்கொண்டாயே என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கிளம்புகிறவள் சும்மா கிளம்பவில்லை, கீழ்வீட்டு பிரிஜெட் அக்காவைக் கூப்பிட்டு என்னை ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள். பிரிஜெட் அக்காவை உனக்குத் தெரியுமே, கிறிஸ்துமஸுக்குக் கல்கல், ரோஸ் குக்கி என்று பலகாரம் கொடுத்தனுப்புவார்களே அவர்கள்தான். வேளைக்கு வந்து கதவைத் தட்டி, என்னா அண்ணே, சாப்ட்டாச்சா, தட்டைக் காட்டுங்கோ என்று கேட்கிறார்கள். இன்ஸ்பெக்ஷன் பண்ணியே காலத்தை ஓட்டினவனுக்கு இந்த வயதில் ஒரு இன்ஸ்பெக்டர்.

நான் விழவில்லை. மாத்திரையும் தவறவில்லை. குக்கரில் சாதம் வைத்து, அம்மா அரைத்து வைத்துவிட்டுப் போன பொடியில் ரசமும் வைத்தேன், முதல் நாள் உப்பு மறந்தது, மறுநாள் இரண்டு நாள் உப்பையும் சேர்த்துப் போட்டேன். அதெல்லாம் பழகிவிடும். தட்டைப் போட்டு உட்கார்ந்தால்தான் என்னவோ பண்ணுகிறது. எதிரே யாரும் இல்லை. ஒரு வாய் எடுத்துவிட்டு இன்னும் அப்பளம் வரவில்லையே என்று சமையலறைப் பக்கம் பார்க்கிறேன். பிசைந்ததையே பிசைந்துகொண்டிருக்கிறேன், தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளுகிறேன். தனியாகச் சாப்பிட்டால் இறங்கவில்லை என்று அவள் சொன்னபோது அதை ஒரு பெண்பிள்ளைப் பேச்சு என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் வீட்டில் தனியாகச் சாப்பிட்டதே இல்லை என்பது எனக்கு இந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. அவள் காத்திருந்தாள், அதனால் எனக்குத் தனிமையே வரவில்லை.

இன்று காலையில் ருக்கு போன் பண்ணினாள். மாமா, அக்கா நல்லா இருக்கா, பன்னெண்டரைக்கே எங்கூட உக்காந்து சாப்பிடறா, நேத்து ரெண்டாவது தரம் சாம்பார் கேட்டு வாங்கினா, சாயங்காலம் சந்தைக்குப் போய் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிச்சோம் என்றாள். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதற்காகத்தானே இந்தப் பந்தயமே. உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கூடச் சாப்பிட்டு, உன்னைச் சாப்பிட வைத்து, அம்மாவால் அங்கே இருக்க முடியும், பாறை மேல் உட்கார்ந்தது போல இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருக்க மாட்டாள். போனை வைத்துவிட்டு சாதம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுக்கு இறங்குகிறது. எனக்கு இன்று ஒரு கைப்பிடிகூட இறங்கவில்லை.

அதனால் தர்ஷினி, மாப்பிள்ளையிடம் சொல், ஒரு டிக்கெட் போடட்டும். ஒன்று போதும். மார்ச் முதல் வாரத்துக்குப் போடட்டும், ஒன்பதாம் மாதத்தில் வளையல் போட வேண்டும் என்று அம்மா சிக்பேட்டையில் பச்சையும் சிவப்புமாக வாங்கி வைத்திருக்கிறாள், போனில் போடுகிற காரியமா அது. லண்டனில் இறங்கி மாறும்போது அவளுக்குக் குழப்பம் வரும், அந்த இடத்துக்கு வீல்சேர் கேட்டு வாங்கிவிடு, கால் நன்றாக இருக்கிறவளுக்கு எதற்கு என்று சண்டை போடுவாள், வழி காட்ட ஆள் வருவான் என்று சொல். குட்டி விமானம் ஓடாமல் கப்பலில் வர நேர்ந்தாலும் எனக்குக் கவலை இல்லை, மால்பேயில் அவள் தாவின தாவலைப் பார்த்தவன் நான். அவள் வந்த பிறகு அந்தப் பெரிய பாறைக்குக் கூட்டிக்கொண்டு போ, ஆனால் குழந்தை பிறந்து நீ தேறின பிறகு போ, இப்போது அந்தக் காற்றில் ஓரத்தில் போய் நிற்காதே. போட்டில் போய்க் கடலில் இருந்தே காட்டு, நான் வந்தால் எப்படிக் காட்டுவாயோ அப்படி.

நான் வர முடியவில்லை என்பதைப் பெரிய மனது பண்ணிக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு வர வேண்டும். உன்னைப் பார்த்து இரண்டரை வருஷம் ஆகிறது, போனில் பார்ப்பதெல்லாம் பார்ப்பது ஆகாது, அதில் உன் நெற்றியும் கூரையும்தான் தெரிகிறது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீ நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். அந்த சின்ன ஆள் வெளியே வந்து முதலில் அழும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும், நீ பிறந்தபோது அப்படித்தான் கேட்டேன், பக்கத்தில் ஆயிரம் குழந்தை அழுதாலும் இது நம்முடையது என்று தெரிந்தது. இதெல்லாம் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. கடலுக்குள் ஒரு காலைத் தூக்கி நின்றேனே, அந்த ஒரு எட்டை மட்டும் வைக்க முடிந்திருந்தால் என்று இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார் டாக்டர், ஒரு வருஷம் போகட்டும், நீங்களே வந்தாலும் சரி, நான் தேறி வந்தாலும் சரி.

உனக்குச் சில விஷயம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு. வேலைக்கு விடுப்பு சொல்ல வேண்டியதைக் கடைசி நாள் வரை தள்ளாதே. மாப்பிள்ளையைக் கடலுக்குப் போகிற டூட்டியை அந்த மாதம் மாற்றிக் கேட்கச் சொல், கேட்டால்தானே கொடுப்பார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே தூங்கு. அம்மா உன்னிடம், அவர் அங்கே தனியாக என்ன பண்ணுகிறாரோ என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்று, உனக்குத்தான் அந்தக் கலை நன்றாக வருமே. பிரிஜெட் அக்கா இருக்கிறார்கள், ருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள், எனக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

இன்னும் ஒன்று, இதை மட்டும் மறக்காதே. அம்மா அங்கே வந்த பிறகு, இங்கே மதியம் ஒரு மணி அடிக்கும்போது உங்களுக்குக் காலை ஏழரையோ எட்டரையோ ஆகும். அவள் தினமும் அந்த நேரத்துக்குப் போன் போட்டு, சாப்ட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று நான் சொல்வேன், அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் காலை டிபன் இறங்கும், அதனால் தைரியமாகவே சொல்வேன். நீ பக்கத்தில் இருந்தால் போனை வாங்கி, நிஜமாவாப்பா என்று மட்டும் கேட்டுவிடாதே. அவளிடம் சொல்லிவிடலாம் கண்ணு, உன்னிடம் எனக்கு வராது.

தாயும் சேயும் ஒரு கீறல் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து, நூறு வருஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று நம்ம குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு ஆசீர்வதிக்கிறேன். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். டிக்கெட் போட்டதும் அம்மாவின் போனுக்கே அனுப்பு.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா எத்திராஜ்